சம்சாரத்தோடு மட்டும் சாமி கும்பிட்டவர்

1621-ஆம் வருஷம் டிசம்பர் 25 காலை. அட்லாண்டிக் கரையில் பிளிமத் என்று ஒரு குக்கிராமம்; ஆட்கள் வந்து குடியேறி ஒரு வருஷம்தான் ஆகிறது. கவர்னர் வில்லியம் பிராட்ஃபோர்டு வழக்கம்போல ஆண்களை வேலைக்குக் கூப்பிடுகிறார். கிறிஸ்துமஸ் அன்றைக்கா என்று கேட்கக்கூடாது. ஏசு அந்தத் தேதியில்தான் பிறந்தார் என்று பைபிளில் எங்கே எழுதியிருக்கிறது? எல்லாம் போப்பாண்டவர் ஆட்கள் கட்டிவிட்ட கதை என்பது அவர்கள் கட்சி. ஆனால் போன மாதம்தான் 'ஃபார்ச்சூன்' என்ற கப்பலில் வந்திறங்கிய புது ஆட்கள் சிலருக்கு இந்தக் கட்சி விவகாரம் பிடிபடவில்லை. இன்றைக்கு வேலை செய்ய எங்கள் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மனசாட்சி என்ற வார்த்தையைக் கேட்டதும் பிராட்ஃபோர்டுக்கு வாயடைத்துவிட்டது. அவரே மனசாட்சிக்காக நாட்டை விட்டு ஓடிவந்தவர். சரி, உங்களுக்கு விவரம் தெரிகிற வரைக்கும் விட்டுவிடுகிறேன் என்று மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மத்தியானம் திரும்பி வந்தால், மனசாட்சிக்காரர்கள் நடுத்தெருவில் பந்தாடிக்கொண்டிருக்கிறார்கள். கவர்னர் நேரே போய் ஆட்டச் சாமான்களைப் பிடுங்கிக்கொண்டார். நாலு பேர் வியர்வை சிந்தும்போது நீங்கள் ஆடிக்கொண்டிருப்பது என்னுடைய மனசாட்சிக்கு விரோதம், பக்தியாக இருந்தால் வீட்டுக்குள் உட்கார்ந்து கும்பிடுங்கள் என்றார். அதற்குப் பிறகு அந்த நாளில் ஊரில் யாரும் கும்மாளம் போடவில்லையாம், வெளிப்படையாக. 'வெளிப்படையாக' என்பதை நான் சேர்க்கவில்லை. தன் சரித்திரத்தில் அவரே சேர்த்திருக்கிறார். கெட்டிக்காரர்.

அமெரிக்கா என்ற நாடு பிறக்க இன்னும் 155 வருஷம் பாக்கி. ஆனால் அந்த நாட்டின் முக்கால்வாசி வழக்குகள் அன்று மத்தியானமே பதிவாகிவிட்டன. உன் மனசாட்சிக்கு நான் வழிவிட வேண்டும், என் மனசாட்சிக்கு நீ வழிவிட வேண்டும், பந்து யார் கையில் இருக்க வேண்டும்?

பிளிமத்காரர்களை இன்று உலகம் சுதந்திரத்தைத் தேடிக் கப்பலேறிய யாத்ரீகர்கள் என்று கொண்டாடுகிறது. பாதி நிஜம். இங்கிலாந்தில் ராஜாவின் சர்ச்சில் சேராதவர்களைப் பிடித்து உள்ளே போட்டதால், 1608 வாக்கில் அவர்கள் ஹாலந்துக்கு ஓடினார்கள். அங்கே அன்றைய ஐரோப்பாவிலேயே கிடைத்தற்கரிய மதச் சுதந்திரம் கிடைத்தது. லெய்டன் ஊரில் பத்துப் பன்னிரண்டு வருஷம் யாரும் அவர்களைத் தொடவில்லை. பிறகு ஏன் மூட்டை கட்டினார்கள்? உழைப்பு கடினம், கூலி குறைவு என்று ஒரு காரணம். பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று இன்னொரு காரணம். டச்சுக்காரப் பிள்ளைகளோடு சேர்ந்து டச்சுக்காரர்களாகவே ஆகிக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்தில் சுதந்திரம் போதவில்லை, ஹாலந்தில் அளவுக்கு மிஞ்சிப் போய்விட்டது. சரியான அளவில் சுதந்திரம் வேண்டுமென்றால் ஒரே வழிதான்: வேறு யாருமே இல்லாத ஊர். அங்கே ஏற்கெனவே இருந்தவர்களை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை என்பது தனிக் கதை.

கேலி செய்வது எளிது. 'மேஃப்ளவர்' கப்பலில் வந்த 102 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேர் முதல் குளிர்காலத்திலேயே செத்துப்போனார்கள். அந்தப் பனியில் நான் என் இஷ்டப்படி தனியாக இருந்துகொள்கிறேன் என்று சொன்னவனை ஊர் தண்டிக்க வேண்டியதே இல்லை. பிப்ரவரி மாதம் பார்த்துக்கொள்ளும். ஊர்க்கட்டுப்பாடு என்பது அவர்களுக்கு வெறும் பொழுதுபோக்கு இல்லை. அதை ஒப்புக்கொண்ட பிறகே மேற்கொண்டு சிரிக்க வேண்டும்.

1630-ல் அசல் கூட்டம் வந்து சேர்ந்தது. மாசசூசெட்ஸ் விரிகுடாக் கம்பெனி. ஆமாம், கம்பெனிதான், பங்குதாரர்கள், கவர்னர், கூட்டம் என்று நம் மதராஸை வாங்கிய கம்பெனிபோலவே ராஜாவிடம் சாசனம் பெற்றது. பங்குதாரர் கூட்டத்தை எந்த ஊரில் நடத்த வேண்டும் என்று சாசனத்தில் எழுதியிருக்கவில்லை. தலைவர் ஜான் வின்த்ராப் வக்கீல். சாசனத்தையே கப்பலில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். லண்டனில் கம்பெனி இல்லை, கேள்வி கேட்க ஆளும் இல்லை. பங்குதாரர் கூட்டம் அப்படியே சட்டசபை ஆகிவிட்டது.

வின்த்ராப் செய்த புகழ்பெற்ற பிரசங்கம் ஒன்று உண்டு. கடவுள் சிலரைப் பணக்காரராகவும் சிலரை ஏழையாகவும் படைத்தது ஒருவருக்கொருவர் தேவைப்பட வேண்டும் என்பதற்காகத்தான். நாம் எல்லோரும் ஒரே உடம்பின் உறுப்புகள். உலகமே நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்பது அதன் சாரம். அழகான பேச்சு. ஒரே உடம்பு என்றால் கை தன்பாட்டுக்கு ஊர் சுற்றக்கூடாது என்பது பின்னால்தான் புரிந்தது. 1631-ல் ஓட்டுரிமை சபை உறுப்பினருக்கு மட்டும் என்று சட்டம் வந்தது. சபையில் சேர வேண்டுமானால், கடவுள் என்னை எப்படித் தடுத்தாட்கொண்டார் என்று நாலு பேர் முன்னால் எழுந்து நின்று சொல்லி, அவர்களும் நம்ப வேண்டும். நம்பவில்லையென்றால் ஓட்டு கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வந்தே ஆக வேண்டும். இதில் மட்டும் சமத்துவம்.

பக்கத்து கனெக்டிகட் குடியேற்றம் இன்னொரு படி மேலே போயிற்று. கல்யாணமாகாத வாலிபன் ஊர் அனுமதி இல்லாமல் தனிக்குடித்தனம் நடத்தக்கூடாது. மீறினால் வாரத்துக்கு 20 ஷில்லிங் அபராதம். ஏதாவது ஒரு குடும்பத்தில் போய் ஒண்டிக்கொள்ள வேண்டும், அவர்களோடு ஜெபிக்க வேண்டும், அவர்கள் கண்ணெதிரே இருக்க வேண்டும். இன்று பேச்சிலர்களுக்கு வீடு கிடையாது என்று பலகை மாட்டும் நம் வீட்டுக்காரர்கள் தாங்கள் எவ்வளவு பெரிய பாரம்பரியத்தைக் காப்பாற்றுகிறோம் என்று தெரியாமலே காப்பாற்றுகிறார்கள்.

இந்த உடம்புத் தத்துவத்தில் மாட்டியவர்களில் ஒருவர் கடைக்காரர். ராபர்ட் கேய்ன் பாஸ்டனில் ஆணி, பொத்தான், கடிவாளம் எல்லாம் விற்றவர், நல்ல பக்திமான். 1639-ல் அவர் அநியாய லாபம் வைத்து விற்கிறார் என்று வழக்கு. ஆறு பென்ஸ் ஆணியை எட்டுக்கும் பத்துக்கும் விற்றாராம். கோர்ட் 200 பவுண்டு என்று ஆரம்பித்துக் கடைசியில் 80 பவுண்டு அபராதம் போட்டது. பிறகு சபை தன் பங்குக்கு விசாரித்தது. கேய்ன் எல்லோர் முன்னிலையிலும் அழுது தப்பை ஒப்புக்கொண்டார். அடுத்த பிரசங்கத்தில் போதகர் ஜான் காட்டன், முடிந்த அளவு மலிவாக வாங்கி முடிந்த அளவு விலைக்கு விற்கலாம் என்பது பொய்யான கோட்பாடு என்று ஊருக்கே பாடம் எடுத்தார். முதலாளித்துவத்தின் தலைநகரம் ஆகப்போகிற நாட்டில் முதல் பாடம் இப்படி.

கேய்ன் அழுதார், ஆனால் மறக்கவில்லை. 14 வருஷம் உள்ளேயே வைத்துப் புழுங்கி, 1653-ல் உயில் எழுத உட்கார்ந்தார். உயில் என்றால் சொத்து யாருக்கு என்று எழுதுவார்கள். இவர் தன் லாபத்துக்கு நியாயம் எழுதினார். எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். பாஸ்டன் பதிவேட்டில் அது 158 பக்கம். நடுநடுவே சொத்தும் வருகிறது. ஊருக்குச் சந்தையும் நகர மண்டபமும் கட்டிக்கொள்ள 300 பவுண்டு எழுதிவைத்தார். தன்னைத் திட்டிய ஊருக்கு மண்டபம் கட்டிக் கொடுத்து, அதன் கணக்கோடு சேர்த்து ஆணிக் கணக்கையும் நிரந்தரமாகப் பதிந்துவிட்டுப் போனார். தனிமனித உரிமைக்கு எழுதப்பட்ட ஆவணங்களில் இதைவிட மனத்தாங்கலான ஒன்றை நான் பார்த்ததில்லை.

அதே கேய்ன் ஒரு பன்றி வழக்கிலும் மாட்டினார். தெருவில் திரிந்த ஒரு பன்றியை அவர் பிடித்து வைத்து ஊருக்குள் தமுக்கும் போட்டார், யாரும் வரவில்லை. பிறகு அவர் தன் சொந்தப் பன்றியை அடித்துவிட்டார். ஷெர்மன் என்ற ஏழைப் பெண்மணி, நீ அடித்தது என் பன்றி என்று பிடித்துக்கொண்டார். ஜூரி கேய்ன் பக்கம். பெண்மணி விடவில்லை, 1642-ல் வழக்கு சட்டசபைக்கே போய், ஏறக்குறைய ஏழு நாள் பன்றி விசாரணை நடந்தது. ஊர்ப் பெரியவர்களான நீதிபதிகளில் பெரும்பாலோர் கேய்ன் பக்கம். ஜனங்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளில் பெரும்பாலோர் ஷெர்மன் பக்கம். இரண்டு கட்சியும் ஒரே அறையில் உட்கார முடியாமல் போய், 1644-ல் சபையை இரண்டாகப் பிரித்தார்கள். மாசசூசெட்ஸில் மேல்சபை கீழ்சபை வந்தது இப்படித்தான். பிரெஞ்சு சிந்தனையாளர் மாண்டெஸ்கியூ அதிகாரப் பிரிவினை பற்றி எழுதுவதற்கு 100 வருஷம் முன்னாலேயே ஒரு பன்றி அதைச் சாதித்துவிட்டது.

இனி நம் கதாநாயகர். ரோஜர் வில்லியம்ஸ் 1631-ல் பாஸ்டனில் வந்திறங்கினார். கேம்பிரிட்ஜில் படித்தவர், இனிமையானவர், பழகிய எவரும் வெறுக்க முடியாதவர். வந்தவுடனேயே பாஸ்டன் சபை அவருக்குப் போதகர் வேலை கொடுத்தது. ஊரிலேயே பெரிய உத்தியோகம். வேண்டாம் என்றார். ஏன்? நீங்கள் இங்கிலாந்து சர்ச்சிலிருந்து முறைப்படி அத்துக்கொண்டு வரவில்லை, உங்களுக்கு இன்னும் தீட்டு போகவில்லை. 3,000 மைல் கடல் தாண்டி வந்தவர்களுக்கு விலகல் போதவில்லை என்று சொன்ன முதல் ஆள்.

அங்கிருந்து சேலம், பிறகு பிளிமத், மறுபடி சேலம். போன இடமெல்லாம் ஒரு புது ஆட்சேபணை. இங்கிலாந்து ராஜாவுக்கு இந்த மண்ணைத் தானம் கொடுக்க என்ன உரிமை? நிலம் இங்கிருக்கும் பூர்வகுடிகளுடையது, அவர்களிடம் வாங்குங்கள். (குடியேறிய எல்லோருடைய பட்டாவும் ஒரே நிமிஷத்தில் செல்லாக்காசு.) பத்துக் கட்டளைகளில் முதல் நான்கு கடவுளைப் பற்றியவை, அவற்றில் நீதிபதிக்கு வேலையில்லை. கொலை, களவைப் பார்த்துக்கொள், ஓய்வுநாளைத் தொடாதே. கடவுள் அருள் கிட்டாத பாவியை ஆண்டவன் பெயரால் சத்தியம் செய்ய வைக்காதே. அப்படிப்பட்டவனோடு சேர்ந்து ஜெபம் பண்ணுவதும் தப்பு, அது உன் மனைவியாகவே இருந்தாலும் சரி.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. இன்றைய தாராளவாதிகள் வில்லியம்ஸ் படத்துக்கு மாலை போட்டு, எங்கள் பாட்டன் என்கிறார்கள். எல்லா மதமும் சம்மதம் என்று சொன்ன பெரிய மனசுக்காரர் என்று நினைப்பு. சம்மதமாவது! உலகத்தில் பெரும்பாலோர் தப்பான சாமியைத் தப்பான முறையில் கும்பிட்டு நேரே நரகத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்பதில் அவருக்குத் துளிச் சந்தேகம் இல்லை. கட்டாயப்படுத்திக் கும்பிட வைப்பது கடவுளின் மூக்குக்கே நாற்றம் என்று நினைத்தார். அரசாங்கத்தின் அழுக்குக் கை சபைக்குள் நுழையக்கூடாது என்பது அவர் கவலை. மற்றவர்களுக்கு ஆசாரம் போதாது என்று பார்த்துப் பார்த்து விலகியவர், கடைசியில் எல்லோரையும் அவரவர் வழியில் விடுவதுதான் சுத்தம் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். தனிமனிதச் சுதந்திரம் பெருந்தன்மையிலிருந்து பிறந்தது என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். நியூ இங்கிலாந்தில் அது மடியிலிருந்து பிறந்தது.

1635 அக்டோபரில் அவரை ஊரைவிட்டுத் தள்ளிவைத்தார்கள். குளிர் போகும் வரை இருக்கலாம், வாயை மூடிக்கொண்டிருந்தால். அது அவருக்கு முடியுமா? வீட்டிலேயே பேச ஆரம்பித்தார். 1636 ஜனவரியில் பிடித்துக் கப்பலேற்ற ஆள் அனுப்பினால், மூன்று நாள் முன்னமே ஆள் பனியில் இறங்கிப் போய்விட்டார். நாரகன்செட் விரிகுடாப் பக்கம் போய்விடு என்று அவருக்கு ரகசியமாகச் சொல்லியனுப்பியது யார்? வில்லியம்ஸே பிற்பாடு எழுதியிருக்கிறார்: வின்த்ராப். ஊர்க்கட்டுப்பாட்டின் மூலவிக்கிரகம், கட்டுப்பாட்டை மீறியவனுக்குப் பின்வாசலைத் திறந்துவிட்டிருக்கிறது. நம் கிராமங்களிலும் இப்படிப்பட்ட நாட்டாமைகள் இருந்திருக்கிறார்கள். தீர்ப்பு ஊருக்கு, கரிசனம் ராத்திரிக்கு.

பனியில் அலைந்தவரைக் காப்பாற்றியது வாம்பனோக் தலைவர் மாசசாய்ட். நாரகன்செட் தலைவர்களிடம் நிலம் பெற்று வில்லியம்ஸ் பிராவிடன்ஸ் ஊரை உண்டாக்கினார். அங்கே அரசாங்கத்துக்கு ஊர் விஷயத்தில் மட்டும் அதிகாரம், சாமி விஷயத்தில் இல்லை. அந்த வருஷமே பெக்கட் இனத்தாரோடு சண்டை மூண்டபோது, துரத்திய மாசசூசெட்ஸ் அவரிடமே ஓடிவந்து, நாரகன்செட்டுகள் எதிரியோடு சேராமல் பேசி நிறுத்தச் சொன்னது. போய்ப் பேசி நிறுத்தினார். துரத்தல் உத்தரவு மட்டும் ரத்தாகவில்லை.

அவர் போன கொஞ்ச நாளில் பாஸ்டனுக்கு அடுத்த தலைவலி. வின்த்ராப் வீட்டுக்கு எதிர்வீட்டிலேயே இருந்தது. ஆன் ஹட்சின்சன், மருத்துவச்சி, 15 பிள்ளை பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை வார நாளில் தன் வீட்டில் பெண்களுக்கு விளக்க ஆரம்பித்தார். விளக்கம் விமரிசனமாக மாறியது. கூட்டம் அறுபதைத் தாண்டியது, ஆண்களும் வந்தார்கள், இருபத்துச் சொச்ச வயதில் கவர்னராகியிருந்த ஹென்றி வேனும் வந்தார். விவாதம் என்னவென்றால், நல்ல நடத்தை முக்திக்கு அடையாளமா, இல்லை எல்லாமே கடவுளின் கருணைதானா? நம் வடகலை தென்கலைக்காரர்கள் குரங்குக்குட்டியா பூனைக்குட்டியா என்று வழக்காடியதற்கு நெருங்கிய உறவு. ஆன் அம்மாள் பூனைக்குட்டிக் கட்சி. அப்படியென்றால் ஒழுங்காக நட, ஒழுங்காக நட என்று அதட்டும் போதகர்களுக்கு என்ன வேலை என்ற கேள்வி வந்துவிடுகிறது. போதகர் ஜான் வில்சன் பேச எழுந்தால் அம்மாளும் தோழிகளும் எழுந்து வெளியே போவார்கள்.

1637 நவம்பரில் விசாரணை. அரசு வக்கீலும் வின்த்ராப்தான், நீதிபதியும் வின்த்ராப்தான். எந்தச் சட்டத்தை மீறினேன் என்று அம்மாள் கேட்டார். தாய் தகப்பனைக் கனம்பண்ணு என்ற கட்டளையை என்று பதில். ஊரை ஆள்பவர்கள் தாய் தகப்பனுக்குச் சமமாம். பைபிளால் அடித்தால் அம்மாளிடம் செல்லாது. இரண்டாம் நாள், போதகர்கள் சத்தியம் செய்து சாட்சி சொல்லட்டும் என்று அவர் மடக்கியபோது கோர்ட்டே திணறியது. ஜெயித்திருக்க வேண்டிய கட்சி. அந்த நேரம் பார்த்து, இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் தெரியுமா, கடவுளே என்னிடம் நேராகச் சொன்னார் என்று ஆரம்பித்தார். வின்த்ராப்புக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கடவுளோடு நேரடித் தொடர்பு வைத்திருப்பவருக்குச் சபை எதற்கு, போதகர் எதற்கு, கவர்னர்தான் எதற்கு? ஊரைவிட்டுப் போ என்று தீர்ப்பு. காரணத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டார். கோர்ட்டுக்குத் தெரியும், அது போதும் என்று முடித்துவிட்டார்கள். அவர் ஆதரவாளர்கள் 75 பேரிடமிருந்து துப்பாக்கி, வாள், மருந்து எல்லாவற்றையும் பிடுங்கினார்கள்.

கணவர் வில்லியம் ஹட்சின்சன் மனைவி சொல் தட்டாதவர் என்பது வின்த்ராப்பின் ஏளனம். குடும்பம் ரோட் தீவுக்குப் போன பிறகு, திரும்பி வாருங்கள் என்று பாஸ்டன் சபை தூது அனுப்பியது. சபையைவிட மனைவியோடுதான் எனக்குப் பிணைப்பு அதிகம் என்று அந்த மனிதர் பதில் சொல்லியனுப்பினார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் இவர்தான். பாவம், யாரும் சிலை வைக்கவில்லை.

இதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. நியூ ஹேவன் குடியேற்றத்தின் கவர்னர் மனைவி ஆன் ஈட்டன், குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது செல்லாது என்று ஒரு புத்தகத்தில் படித்துவிட்டு, அந்தச் சடங்கு நடக்கும்போது சர்ச்சிலிருந்து எழுந்து போக ஆரம்பித்தார். சபை விசாரித்தது. விசாரணை மத விஷயத்தோடு நிற்குமா? சாப்பாட்டு நேரத்தில் மாமியாரை முகத்தில் அறைந்தது வரை குற்றப்பட்டியல் நீண்டது. சபையைவிட்டு நீக்கினார்கள். முதல் கணவர் மூலம் அவருக்குப் பிறந்த பிள்ளை டேவிட் யேல் பாஸ்டனில் இருந்தார். சபையில் சேராதவர்களுக்கும் உரிமை வேண்டும் என்று 1646-ல் கொடுத்த மனுவில் கையெழுத்துப் போட்டு அவரும் பொல்லாப்பில் மாட்டினார். அவருக்கு 1649-ல் பாஸ்டனில் பிறந்த பையன்தான் எலிஹு யேல். குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பியது. பையன் வளர்ந்து மதராஸ் வந்து, 1687-லிருந்து 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக இருந்து, கம்பெனி வேலையைவிடச் சொந்த வியாபாரத்தை மும்முரமாகக் கவனித்துப் பெரும் பணம் சேர்த்து, புகார்கள் மலிந்து பதவி இழந்தார். கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் சர்ச்சில், 1680-ல், முதலில் நடந்த கல்யாணமே அவருடையதுதான். அதாவது பாட்டியின் ஊர் ஓடிவந்த அதே ராஜா சர்ச்சின் உறுப்பினர். பிற்பாடு அவர் அனுப்பிய சரக்கையும் புத்தகங்களையும் பெற்றுக்கொண்டு, 1718-ல் ஒரு கல்லூரி அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. கல்லூரி இருந்த ஊர் நியூ ஹேவன். பாட்டியைத் தள்ளிவைத்த ஊர் பேரன் பெயரைக் கும்பிட்டது. கொள்கையைப் பனியாலும் தண்டனையாலும் கரைக்க முடியாது, துணிமூட்டையால் முடியும்.

பிராவிடன்ஸுக்குத் திரும்புவோம். அவரவர் மனசாட்சி அவரவருக்கு என்று பலகை மாட்டிய ஊரில் எப்படிப்பட்டவர்கள் வந்து சேருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மற்ற ஊர்களில் யாரோடும் ஒத்துப்போக முடியாத அத்தனை பேரும். 1638-லேயே முதல் வழக்கு. ஜோஷுவா வெரின் என்பவர், மனைவி வில்லியம்ஸ் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போகக்கூடாது என்று தடுத்தார், அடிக்கவும் செய்தார். ஊர் கூடியது. மனைவியை அடக்கி வைப்பதுதான் என் மனசாட்சி, வேதத்திலேயே இருக்கிறது என்பது வெரின் தரப்பு. அவருக்குப் பரிந்து பேசவும் ஆள் இருந்தது: பெண்களுக்கெல்லாம் இப்படி விடுதலை கொடுத்தால் குடும்பம் என்ன ஆகும்? ஆனால் ஓட்டெடுப்பில் மனசாட்சிக்குத் தடை போட்டார் என்று வெரினின் ஓட்டுரிமையைப் பறித்தார்கள். 1638-ல், ஒரு பெண்ணின் மனசாட்சி கணவனுடையதிலிருந்து தனியானது என்று ஓர் ஊர் ஓட்டுப் போட்டது. இதற்கு மேல் சிரிக்க முடியாது. வெரின் மனைவியைக் கூட்டிக்கொண்டு பழைய ஊரான சேலத்துக்கே போய்விட்டார்.

வில்லியம்ஸுக்கோ ஆசாரம் குறையவில்லை. 1639 வாக்கில் தன் சிறு வயது ஞானஸ்நானம் செல்லாது என்று முடிவு செய்து, ஒருவரைவிட்டுத் தனக்கு ஞானஸ்நானம் செய்வித்துக்கொண்டு, உடனே திரும்பி அவருக்கே செய்துவைத்தார். அமெரிக்காவின் முதல் பாப்டிஸ்ட் சபை. சில மாதத்தில் அதிலிருந்தும் விலகிவிட்டார். ஞானஸ்நானம் கொடுக்கும் அதிகாரம் பூமியில் யாரிடமும் இல்லையாம். வின்த்ராப் தன் டைரியில் இதைக் குசும்போடு குறித்துவைத்திருக்கிறார்: கொஞ்ச நாள் முன்வரை தன் சம்சாரத்தைத் தவிர யாரோடும் சேர்ந்து கும்பிட மாட்டேன் என்றவர், இப்போது வருகிற போகிற எல்லோரோடும் கும்பிடத் தயாராகிவிட்டார். வம்புதான். ஆனால் வில்லியம்ஸ் வாழ்க்கையை இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் எழுதவில்லை.

லண்டன் போய் 1644-ல் குடியேற்றத்துக்குச் சாசனம் வாங்கினார். கையோடு மதக் கொடுமைக்கு எதிராக ஒரு புத்தகமும் போட்டார். பார்லிமென்ட் அதைக் கொளுத்தச் சொன்னது. ஜான் காட்டன் மறுத்து எழுதினார், இவர் மறுப்புக்கு மறுப்பு எழுதினார். முதல் புத்தகத்தின் தலைப்பில் கொள்கை ரத்தக்கறை படிந்திருந்தது, காட்டன் அதைக் கழுவி வெளுத்தார், இவர் முன்னைவிட ரத்தம் அதிகம் என்றார். தலைப்புகளை மட்டும் படித்தாலே முழுச் சண்டையும் விளங்கிவிடும். பக்கங்களைப் படிப்பவர்களுக்கு என் அனுதாபம்.

பிறகு அவருக்கே சோதனை வந்தது. 1655-ல் அவர்தான் குடியேற்றத்தின் தலைவர். ராணுவப் பயிற்சிக்கு வா என்றால், மனசாட்சி இடம் தரவில்லை என்றார்கள் ஊரில் சிலர். பொது நன்மைக்கு எதிராக நடந்தவனைக்கூடத் தண்டிப்பது வேதத்துக்கு விரோதம் என்று ஒரு தாள் சுற்றுக்கு வந்தது. பிராட்ஃபோர்டின் பந்து உருண்டு உருண்டு வில்லியம்ஸ் காலடிக்கு வந்துவிட்டது. அவர் எழுதிய பதில் கடிதம் இன்றும் வாழ்கிறது. ஒரு கப்பலில் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட், யூதர், துருக்கியர் எல்லோரும் போகிறார்கள். யாரையும் கப்பல் ஜெபத்துக்கு வா என்று இழுக்கக்கூடாது, அவரவர் ஜெபத்தைத் தடுக்கவும் கூடாது. ஆனால் கப்பல் எந்தத் திசையில் போக வேண்டும் என்று மாலுமி சொன்னால் கேட்க வேண்டும், கூலி கொடுக்க மாட்டேன், கலகம் செய்வேன் என்றால் தண்டனை உண்டு. சாமி உன்னுடையது, கயிறு எல்லோருடையது. கோடு எங்கே என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை. கோடு அங்கேயே நிற்குமா என்று கேட்காதீர்கள். எது சாமி, எது கயிறு என்றுதான் இன்றுவரை சண்டை.

அடுத்தது குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வந்தார்கள். மாசசூசெட்ஸ் அவர்களைச் சவுக்கால் அடித்தது, காதை அறுத்தது. 1659-லிருந்து 1661-க்குள் நாலு பேரைத் தூக்கில் போட்டது. அவர்களில் ஒருவர் மேரி டையர். ஆன் ஹட்சின்சனைச் சபையைவிட்டு நீக்கிய அன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வெளியே நடந்தவர். இங்கே கேலிக்கு இடமில்லை.

குவேக்கர்களை விரட்டு என்று பக்கத்துக் குடியேற்றங்கள் பிராவிடன்ஸும் சேர்ந்த ரோட் தீவுக் குடியேற்றத்தை மிரட்டின. வந்த பதில் அரசியல் சாதுரியத்துக்கு உதாரணம். எங்களிடம் அப்படிச் சட்டம் இல்லை. தவிர, அடிக்க ஆள் இல்லாத இடம் என்பதால் இந்த ஊரே அவர்களுக்குக் கசக்க ஆரம்பித்திருக்கிறது. அடித்தால்தான் அவர்களுக்குக் கூட்டம் சேரும். இது தத்துவம் இல்லை, அனுபவம்.

வில்லியம்ஸ் மட்டும் குவேக்கர்களைச் சகிக்கவே இல்லை. அடிக்கக்கூடாது, சரி. வாதாடலாமே? 1672-ல் அவர்கள் தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸ் ரோட் தீவுக்கு வந்தார். எழுபதை நெருங்கிய வில்லியம்ஸ் பதினான்கு அம்சங்களில் சவால் விட்டு, பிராவிடன்ஸிலிருந்து நியூபோர்ட்டுக்கு முப்பது மைல் தானே துடுப்புப் போட்டு நள்ளிரவில் போய்ச் சேர்ந்தார். ஃபாக்ஸ் ஏற்கெனவே கிளம்பிவிட்டார். சீடர்கள் மூவரோடு நியூபோர்ட்டில் மூன்று நாள், பிராவிடன்ஸில் ஒரு நாள் கத்தல். கிழவரே, கிழவரே என்று அவர்கள் இடைமறித்ததை அவரே புகாராக எழுதியிருக்கிறார். ஃபாக்ஸை வளையிலிருந்து தோண்டியெடுத்ததாகத் தலைப்பு வைத்துப் புத்தகமும் போட்டார். இவ்வளவு வெறுத்தவர்களை அந்த ஊரில் யாரும் ஒரு விரலால் தொடவில்லை. நான் அவருக்கு மாலை போடுவதென்றால் இதற்குத்தான் போடுவேன். பிடித்தவனுக்குச் சுதந்திரம் கொடுக்க யாராலும் முடியும்.

மாலை போடும் கையோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1676-ல் பூர்வகுடிகளோடு நடந்த போரில் பிராவிடன்ஸ் எரிந்தது. சிறைப்பட்ட பூர்வகுடிகளைக் குறிப்பிட்ட வருஷக் கணக்குக்கு அடிமை வேலைக்கு விற்ற குழுவில் வில்லியம்ஸும் இருந்தார். பனியில் தன்னைக் காப்பாற்றியவர்களின் ஜனங்களை. அவருடைய கப்பலில் எல்லோருக்கும் ஒரே தளம் இல்லை.

மாசசூசெட்ஸ் அவசரப்படும் ஊர் இல்லை. கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம் என்று 1659-ல் போட்ட சட்டத்தை 1681-ல் எடுத்தது; அன்றைக்கு அரசு விடுமுறை விட 1856 வரை யோசித்தது. ரோஜர் வில்லியம்ஸைத் தள்ளிவைத்த உத்தரவை 1936-ல், 300 வருஷம் கழித்து, சட்டம் போட்டு ரத்து செய்தது. ஆன் ஹட்சின்சன் பெண்பிள்ளை ஆயிற்றே, அவர் இன்னும் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1987-ல் கவர்னர் மைக்கேல் டுகாகிஸ் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். அடுத்த வருஷம் அதே டுகாகிஸ் ஜனாதிபதித் தேர்தலில் நின்று தோற்றுப்போனார்.